வெசிக்கிள் வடிவம் தப்பாக வந்தால் எங்கே தேடுவது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

நுண்ணோக்கியில் வெசிக்கிள் (லிப்பிட் என்ற கொழுப்பு மூலக்கூறுகளின் சவ்வால் ஆன நுண்ணிய மூடிய பை) பார்ப்பவர்களுக்கும் கணினியில் அதே வடிவத்தைக் கணக்கிடுபவர்களுக்கும் ஒரு பழக்கம் பொதுவானது. எதிர்பார்த்த வடிவம் வரவில்லை என்றால் உடனே வளைவு விறைப்பை, அதாவது கப்பாவை, சந்தேகிப்பார்கள். சவ்வு ரொம்ப விறைப்பாக இருக்கிறதோ, மதிப்பைத் தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று அங்கேயே நாள்கணக்கில் நின்றுவிடுவார்கள். பெரும்பாலும் பிழை அங்கே இருக்காது.

காரணம் ஆற்றல் சூத்திரத்திலேயே இருக்கிறது. ஹெல்ஃப்ரிக் 1973-ல் எழுதிய வடிவில், சவ்வின் ஒவ்வொரு சிறு பரப்பிலும் (இரண்டு முதன்மை வளைவுகளின் கூட்டல் − தன்னியல்பு வளைவு, அதாவது சவ்வு தானாக எடுக்க விரும்பும் வளைவு) என்பதை வர்க்கப்படுத்தி, கப்பாவில் பாதியால் பெருக்கி, பரப்பு முழுக்கக் கூட்டுகிறோம். காஸ் வளைவுக்கு, அதாவது அந்த இரண்டு வளைவுகளின் பெருக்கலுக்கு, ஒரு தனி உறுப்பும் உண்டு. ஆனால் அதன் மொத்தம் வடிவத்தைப் பொறுத்தது அல்ல. மூடிய பரப்பில் எத்தனை துளை என்பதை மட்டும் பொறுத்தது. வெசிக்கிள் பிளவுபடாமலும் துளை விழாமலும் இருக்கும் வரை அதை மறந்துவிடலாம். மிஞ்சுவதில் கப்பா வெறும் பெருக்கி. அதை இரட்டிப்பாக்கினால் எல்லா வடிவங்களின் ஆற்றலும் இரட்டிப்பாகும்; எது மிகக் குறைவு என்ற வரிசை மாறாது.

அப்படியானால் வடிவத்தை முடிவு செய்வது எது? பரப்பு, கனஅளவு, சவ்வின் உள், வெளி அடுக்குகளுக்கு இடையே உள்ள பரப்பு வித்தியாசம், தன்னியல்பு வளைவு. முதல் இரண்டும் எவ்வளவு கறாரான கட்டுப்பாடுகள் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 10 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள வெசிக்கிளில் வளைவு விசைகளின் அழுத்த அளவு கப்பா ÷ ஆரத்தின் கனம். கப்பாவுக்கு 10⁻¹⁹ ஜூல் என்று வைத்தால் 10⁻⁴ பாஸ்கல் வருகிறது. உள்ளேயும் வெளியேயும் சர்க்கரைச் செறிவு 1 மில்லிமோலார் வேறுபட்டால் வரும் சவ்வூடு பரவல் அழுத்தமோ 25 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 2,500 பாஸ்கல். ஒன்றோடு ஒன்று போட்டியிடக்கூடிய எண்களே அல்ல. கனஅளவைக் கரைசல் முடிவு செய்கிறது. சவ்வு அந்த முடிவுக்குக் கட்டுப்பட்டு வளைகிறது.

ஆகவே கீழே உள்ள எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒப்புக் கனஅளவைக் கணக்கிடுங்கள்: வெசிக்கிளின் கனஅளவை, அதே பரப்புள்ள கோளத்தின் கனஅளவால் வகுத்தது. கோளத்துக்கு 1, மற்ற எல்லாவற்றுக்கும் அதற்குக் கீழே. இந்த எண் தெரியாமல் வடிவத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

அறிகுறி: கோளத்துக்கே ஆற்றல் சரியாக வரவில்லை

நிரல் எழுதியவர்கள் முதல் வேலையாகச் செய்ய வேண்டிய சோதனை இது. தன்னியல்பு வளைவு பூஜ்யமாக, காஸ் உறுப்பு இல்லாமல் ஒரு கோளத்தைக் கொடுங்கள். விடை 8 பை கப்பா, அதாவது 25.13 கப்பா. ஆரம் எதுவாக இருந்தாலும் இதுதான். சாதாரண லிப்பிட் சவ்வின் கப்பா வெப்ப ஆற்றலைப் போல ஏறக்குறைய 20 மடங்கு என்பதால், ஒரு வெசிக்கிளை மூடவே 500 மடங்கு வெப்ப ஆற்றல் செலவாகிறது என்பதையும் இந்த எண் சொல்லிவிடுகிறது.

தப்பான விடையே பிழை எங்கே என்று காட்டிக்கொடுக்கும். 6.28 வந்தால், வளைவுகளின் கூட்டல் இருக்க வேண்டிய இடத்தில் சராசரியைப் போட்டிருக்கிறீர்கள். 100.5 வந்தால் அதற்கு நேர் எதிர்: சராசரிக்கென எழுதிய சூத்திரத்தில் கூட்டல் நுழைந்திருக்கிறது. 12.57 வந்தால் முன்னால் உள்ள பாதி இரண்டு தடவை வந்திருக்கிறதா என்று தேடுங்கள், அல்லது கப்பாவுக்குச் சமமான எதிர்மறை காஸ் உறுப்பு எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து அதே கோளத்தை இரண்டு மடங்கு பெரிதாக்குங்கள். விடை அசையக் கூடாது. அசைந்தால், முக்கோண வலையின் ஒவ்வொரு முனைக்கும் உரிய பரப்பால் பெருக்கவோ வகுக்கவோ மறந்திருக்கிறீர்கள், அல்லது தன்னியல்பு வளைவு பூஜ்யமாக இல்லை.

கோளத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பக்கத்து முக்கோணங்களின் செங்குத்துத் திசைகளுக்கு இடையே உள்ள கோணத்தை வைத்து ஆற்றல் எழுதும் எளிய முறை பலருடைய நிரல்களில் இருக்கிறது. கோளத்தில் சரிபார்த்துப் போட்ட மாற்று எண் அந்த முறையில் உருளைக்குப் பொருந்தாது. உருளையில் விடை பை × கப்பா × நீளம் ÷ ஆரம், அதையும் சோதியுங்கள். இரண்டும் ஒரே கப்பாவைத் தரவில்லை என்றால் அந்த முறையை விட்டுவிட்டு, முனைகளில் சராசரி வளைவை நேரடியாகக் கணக்கிடும் முறைக்கு மாறுவதே மேல். குழாயும் கழுத்தும் வரும் வடிவங்களில் அந்தப் பிழை அப்படியே விடையில் ஏறிவிடும்.

மூன்றாவது சோதனைக்கு வளையம். பெரிய ஆரம் சிறிய ஆரத்தைப் போல 2-இன் வர்க்கமூல மடங்கு உள்ள வளையத்துக்கு விடை 4 × பையின் வர்க்கம் × கப்பா, அதாவது 39.48 கப்பா. ஒரு துளை உள்ள வடிவங்களில் இதைவிடக் குறைந்த ஆற்றல் கிடையாது என்று 2012-ல் மார்க்கெஸும் நெவெஸும் நிறுவினார்கள். உங்கள் நிரல் ஒரு வளையத்துக்கு இதைவிடக் குறைவாகச் சொன்னால், கண்ணை மூடிக்கொண்டு நிரலில் பிழை என்று சொல்லலாம்.

அறிகுறி: கப்பாவை மாற்றினால் வடிவமும் மாறுகிறது

மேலே சொன்ன காரணத்தால் இது நடக்கக் கூடாது. நடந்தால் கப்பாவோடு போட்டியிடும் இன்னொரு ஆற்றல் எங்கோ உள்ளே இருக்கிறது.

அநேகமாக அது நீங்களே போட்ட பெனால்ட்டி. பரப்பும் கனஅளவும் இலக்கிலிருந்து விலகினால் ஆற்றல் கூடும்படி எழுதியிருப்பீர்கள். அந்தக் குணகம் சிறிதாக இருந்தால், சவ்வு வளைவதற்குப் பதில் பரப்பைக் கொஞ்சம் சுருக்கித் தப்பித்துக்கொள்ளும். 0.60 என்று இலக்கு கொடுத்து ஓட்டிவிட்டு, கடைசியில் கிடைத்த வடிவத்தை அளந்தால் 0.63 இருக்கும். படத்துக்குக் கீழே 0.60 என்றே எழுதியிருக்கும். இலக்கை அல்ல, முடிவில் உள்ள பரப்பையும் கனஅளவையும் அச்சிடுங்கள். குணகத்தைப் பத்து மடங்கு கூட்டியும் வடிவம் மாறவில்லை என்றால்தான் அது போதுமானது. கூட்டக் கூட்டக் கணக்கு நகர மறுத்தால், லக்ராஞ்சு பெருக்கிகளைப் படிப்படியாகத் திருத்தும் முறைக்குப் போங்கள்.

பரப்பு இழுவிசையைக் கட்டுப்பாடாக இல்லாமல் நிலையான எண்ணாகக் கொடுத்திருந்தாலும் இதே அறிகுறி வரும். மான்டே கார்லோ (தற்செயல் எண்களால் வெப்ப அசைவைப் பின்பற்றும் கணக்கு) ஓட்டினால் மட்டும் இது பிழையல்ல. அங்கே வெப்ப அசைவின் அளவு கப்பாவைப் பொறுத்தது. சராசரி வடிவமும் கொஞ்சம் நகரத்தான் செய்யும்.

அறிகுறி: சுருட்டு வடிவம் வர வேண்டிய இடத்தில் தட்டு வருகிறது

தன்னியல்பு வளைவு பூஜ்யமாக இருக்கும்போது எது எங்கே வர வேண்டும் என்பதை 1991-ல் சைஃபர்ட், பெர்ன்டில், லிப்போவ்ஸ்கி மூவரும் விரிவாக வரைந்துவிட்டார்கள். ஒப்புக் கனஅளவு 1-லிருந்து ஏறக்குறைய 0.65 வரை நீள்கோளமும் டம்பெல் போன்ற வடிவங்களும் மிகக் குறைந்த ஆற்றல் கொண்டவை. 0.65-க்கும் 0.59-க்கும் இடையே உள்ள குறுகிய இடைவெளி, நடுவில் குழி விழுந்த தட்டுக்கு. அதற்கும் கீழே கிண்ணம்.

0.75-ல் உங்களுக்குத் தட்டு வந்தால் நிரல் கெட்டுவிட்டது என்று அர்த்தமல்ல. அந்த இடத்தில் தட்டும் ஒரு சரியான தீர்வுதான். ஆனால் மிகக் குறைந்த தீர்வு அல்ல. எந்தக் கிளையில் போய் விழுவது என்பதைத் தொடக்க வடிவம் முடிவு செய்கிறது. அச்சு நீண்ட நீள்வட்டத்திலிருந்து ஒரு ஓட்டம், அச்சு குறுகியதிலிருந்து ஒரு ஓட்டம், கிண்ணம் போல ஒரு பக்கம் அமுக்கியதிலிருந்து ஒரு ஓட்டம் என்று மூன்றையும் ஓட்டி ஆற்றல்களை ஒப்பிடுங்கள். ஒவ்வொரு தொடக்கத்திலும் சமச்சீரைக் கெடுக்கும் சிறு இரைச்சலைக் கட்டாயம் சேருங்கள். சேராவிட்டால் சமச்சீரான வடிவம் நிலையற்றதாக இருந்தும், சரியும் திசை தெரியாமல் அங்கேயே நின்றுவிடும். முழுக் கோளத்திலிருந்து தொடங்குவது எதற்கும் உதவாது: பரப்பும் கனஅளவும் மாறாமல் கோளத்தால் அசையவே முடியாது.

0.51-க்குக் கீழே தட்டுக் கிளையைத் தொடர்ந்தால் இரண்டு குழிகளும் நடுவில் ஒன்றையொன்று தொட்டுக் கடந்துவிடும். நிரல் அதையும் ஒரு நல்ல எண்ணோடு தரும். சவ்வு தன்னையே வெட்டுகிறதா என்று சோதிக்கும் வரி ஒன்று நிரலில் இல்லையென்றால் இது உங்கள் கண்ணில் படாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. மனிதச் சிவப்பணுவின் பரப்பு சுமார் 135 சதுர மைக்ரோமீட்டர், கனஅளவு 94 கன மைக்ரோமீட்டர் என்று எடுத்தால் ஒப்புக் கனஅளவு 0.64, தட்டுக்கான அந்தக் குறுகிய இடைவெளிக்குள் அழகாக விழுகிறது. கானம் 1970-ல் வளைவு ஆற்றலை வைத்து அந்த வடிவத்தை விளக்கியது இன்றும் எனக்கு மிகப் பிடித்த வாதங்களில் ஒன்று. ஆனால் சிவப்பணுவுக்கு அடியில் ஸ்பெக்ட்ரின் என்ற புரத வலை இருக்கிறது. அதற்கு நறுக்கு மீட்சி, அதாவது பக்கவாட்டில் சரிவதை எதிர்க்கும் தன்மை, உண்டு. வெறும் லிப்பிட் வெசிக்கிளுக்கான நிரலால் சிவப்பணுவின் முள் வடிவங்களைப் பெற முயன்று தோற்றால், அதை நிரலின் பிழையாக எடுக்காதீர்கள்.

அறிகுறி: துருவத்தில் கணக்கு வெடிக்கிறது

அச்சுச் சமச்சீர் சமன்பாடுகளைத் தீர்ப்பவர்களுக்கு மட்டும். ஆரம் பூஜ்யமாகும் இடத்தில் சைன் ÷ ஆரம் என்ற உறுப்பு பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கிறது. துருவத்தில் தொடங்காமல் வில் நீளத்தில் மிகச் சிறிய தூரம் தள்ளி, தொடர் விரிவின் மதிப்புகளோடு தொடங்குங்கள். மொத்த வில் நீளம் முன்கூட்டித் தெரியாதது என்பதால் ஹாமில்டனியன் பூஜ்யம் என்ற நிபந்தனையும் வேண்டும். அதை விட்டுவிட்டால் தீர்வு போலவே தோன்றும் போலிகள் வரும்.

கழுத்து மெலிந்து மெலிந்து கணக்கு நின்றால் அது வேறு விஷயம். இரண்டு கோளங்கள் மிக நுண்ணிய கழுத்தால் ஒட்டிய எல்லை வடிவத்தை நெருங்குகிறீர்கள். அங்கே இரண்டு ஆரங்களின் தலைகீழிகளின் கூட்டல் தன்னியல்பு வளைவுக்குச் சமமாக இருக்க வேண்டும். கடைசியாகக் கிடைத்த வடிவத்தில் இந்தக் கூட்டலைச் செய்து பாருங்கள். நெருங்கி வந்தால் நிரல் சரியாகவே இருக்கிறது. சரியாகப் பாதி அல்லது இரண்டு மடங்கு வந்தால், நீங்கள் எடுத்த சூத்திரத்தில் தன்னியல்பு வளைவு வேறு விதமாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. கட்டுரைக்குக் கட்டுரை இந்த 2 இடம் மாறும்.

அறிகுறி: முக்கோண வலை ஓரிடத்தில் குவிகிறது, அல்லது சுருக்கம் விழுகிறது

லிப்பிட் சவ்வு அதன் தளத்துக்குள் திரவம். முனைகள் பரப்பின் வழியே நகர்வதை வளைவு ஆற்றல் தடுக்காது, அதனால் அவை இஷ்டத்துக்கு ஒதுங்கும். விளிம்புகளை மாற்றி இணைப்பதும், பரப்பின் வழியே மட்டும் முனைகளைச் சமப்படுத்துவதும் மருந்து. முனைகளை ஸ்பிரிங்கால் கட்டிவைப்பது மருந்தல்ல. நறுக்கு விறைப்பு உள்ளே வந்துவிடும். பிறகு விழும் சுருக்கங்கள் எல்லாம் அந்த ஸ்பிரிங்கின் வேலை.

அறிகுறி: நுண்ணோக்கியில் எல்லாமே வட்டமாக, அசையாமல் தெரிகிறது

ஒப்புக் கனஅளவு 1. வெளிக் கரைசலைக் கொஞ்சம் செறிவாக்குங்கள். சர்க்கரை சவ்வைக் கடக்காது, தண்ணீர் கடக்கும். கனஅளவு, உள் செறிவு ÷ வெளிச் செறிவு என்ற விகிதத்தில் சுருங்கும். உள்ளே 200 மில்லிமோலார் இருந்து, முதலில் இழுவிசை இல்லாத கோளமாக இருந்தால், 0.9-க்கு வெளியே 222 மில்லிமோலார் வேண்டும், 0.65-க்கு 308. ஒரே தடவையில் ஊற்றாமல் மெல்ல ஏற்றுங்கள். வேகமாக ஏற்றினால் மிகைப் பரப்பு சிறு குழாய்களாக உள்ளே ஒளிந்துகொள்ளும். வெளிக்கோடு மறுபடியும் வட்டமாகவே தெரியும். ஒளிரும் சாயம் போட்டால் அந்தக் குழாய்கள் தெரியவரும்.

கவர் கிளாஸில் ஒட்டிக்கொண்ட வெசிக்கிளும் இழுவிசை ஏறி வட்டமாக நிற்கும். கண்ணாடியைக் கேசீன் என்ற பால் புரதத்தால் பூசிவிட்டுப் பாருங்கள். இதற்கு நேர் எதிர் அறிகுறி, எதையும் தொடாமலேயே எல்லாம் மெல்லத் தளர்ந்துகொண்டே போவது. அறை மூடப்படவில்லை, வெளியே உள்ள தண்ணீர் ஆவியாகிறது.

அறிகுறி: பெரிய வெசிக்கிள்கள் மட்டும் தட்டையாக இருக்கின்றன

உள்ளே சுக்ரோஸ், வெளியே குளுக்கோஸ் என்று வைப்பது வழக்கம். வெசிக்கிள் அடியில் இறங்கி நிற்கும், ஃபேஸ் கான்ட்ராஸ்ட் நன்றாகக் கிடைக்கும். ஆனால் இரண்டும் 200 மில்லிமோலாராக இருந்தால் அடர்த்தி வேறுபாடு கன மீட்டருக்கு ஏறக்குறைய 12 கிலோ. புவியீர்ப்பு × அடர்த்தி வேறுபாடு × ஆரத்தின் நான்காம் அடுக்கு ÷ கப்பா என்ற எண்ணைப் போடுங்கள். 5 மைக்ரோமீட்டர் ஆரத்துக்கு 1-க்கும் கீழே, 10-க்கு 12, 20-க்கு 190. நான்காம் அடுக்கு என்பதால் பெரியவை மட்டும் எடை தாங்காமல் பரவுகின்றன. மேலிருந்து பார்க்கும்போது அவை நல்ல வட்டமாகத்தான் தெரியும். பக்கவாட்டில் பார்த்தால்தான் தட்டை என்று தெரியவரும். உள் கரைசலிலும் குளுக்கோஸ் கலந்து வேறுபாட்டைக் குறையுங்கள், அல்லது சிறியவற்றை மட்டும் அளவிடுங்கள். இந்த ஓர் இடத்தில் கப்பா வடிவத்துக்குள் உண்மையாகவே வருகிறது.

அறிகுறி: ஒரே சோதனைத் தட்டில், ஒரே ஒப்புக் கனஅளவில், ஒன்று டம்பெல், ஒன்று பேரிக்காய், இன்னொன்று மொட்டு விட்டது

இந்த அறிகுறிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். கலவை சரியில்லை என்று தட்டையே கொட்டிவிடுபவர்கள் உண்டு. கொட்ட வேண்டாம்.

சவ்வு இரண்டு அடுக்கு. லிப்பிட் ஒரு அடுக்கிலிருந்து மற்றதற்குத் தாவ மணிக்கணக்கோ நாள்கணக்கோ ஆகும். கொலஸ்ட்ரால் மட்டும் சீக்கிரம் தாவும். எனவே வெசிக்கிள் மூடிய கணத்தில் ஒவ்வொரு அடுக்கிலும் எத்தனை மூலக்கூறு மாட்டிக்கொண்டதோ அதுவே சோதனை முடியும் வரை. வெளி அடுக்கு உள் அடுக்கைவிட எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? கோளத்துக்கு 2 × அடுக்குகளின் இடைவெளி ÷ ஆரம். இடைவெளி 3 நானோமீட்டர், ஆரம் 10 மைக்ரோமீட்டர் என்றால் 0.0006, அதாவது 0.06 சதவீதம். பத்தாயிரம் மூலக்கூறுகளுக்கு ஆறு. அதில் இரண்டு மூன்று கூடினாலோ குறைந்தாலோ, சவ்வு விரும்பும் வளைவு பெரிய அளவில் மாறிவிடுகிறது. ஒரே தட்டில் உருவான இரண்டு வெசிக்கிள்கள் இந்த அளவுக்கு ஒத்திருக்கும் என்று எதிர்பார்ப்பதுதான் தப்பு.

இதே காரணத்தால்தான் வெப்பநிலையை ஏற்றினால் ஒன்று மொட்டு விடுகிறது, பக்கத்தில் இருப்பது கிண்ணமாகிறது. ஒரு டிகிரிக்குச் சவ்வின் பரப்பு ஆயிரத்தில் சில பங்கு விரிகிறது. தண்ணீர் விரிவது அதில் பத்தில் ஒரு பங்குதான். எனவே ஒப்புக் கனஅளவு எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இறங்கும். இரண்டு அடுக்குகளும் துல்லியமாக ஒரே அளவு விரிவதில்லை என்பதால் பரப்பு வித்தியாசம் ஒவ்வொன்றிலும் வேறு திசையில் நகரலாம். கேஸும் சாக்மனும் 1991-ல் வெப்பத்தால் இப்படி வடிவங்கள் மாறிப் போவதைப் படமெடுத்துக் காட்டினார்கள்.

செய்ய வேண்டியது இது. வடிவங்களைச் சராசரி எடுக்காதீர்கள். ஒவ்வொரு வெசிக்கிளையும் தனியாகத் தொடருங்கள். மொட்டு விட்டதை மெல்லக் குளிரவைத்துப் பாருங்கள். கழுத்து திறந்து மொட்டு உள்ளே வந்துவிட்டால், பரப்பு வித்தியாசக் கணக்கு பொருந்துகிறது. வராவிட்டால் அடுக்குகளுக்கு இடையே மூலக்கூறு நகர்ந்திருக்கலாம், அல்லது கழுத்து பிடித்துக்கொண்டிருக்கலாம். பிறகு கணக்கிலும் இதைச் சேருங்கள். பரப்பு வித்தியாசம் அதன் இயல்பு மதிப்பிலிருந்து விலகினால் ஆற்றல் கூடும்படி ஒரு வர்க்க உறுப்பு. அதன் விறைப்பு கப்பாவை ஒத்த அளவுதான். 1994-ல் முழுமையாக எழுதப்பட்ட இந்த மாதிரியில், பேரிக்காயும், கைகள் நீட்டிய நட்சத்திரமீன் வடிவமும் நிலையாக வருகின்றன.

அறிகுறி: பார்த்துக்கொண்டிருக்கும்போதே தளர்ந்து அலைகிறது

விளக்கை அணைத்து, கொஞ்சம் பொறுத்து, இதுவரை வெளிச்சம் படாத வேறொரு வெசிக்கிளைப் பாருங்கள். அது அமைதியாக இருந்தால் குற்றம் ஒளியுடையது. சாயத்தின் வழியே லிப்பிட் ஆக்சிஜனேற்றம் அடைந்து பரப்பு கூடுகிறது; தொடர்ந்தால் துளை விழும்.

அறிகுறி: அலைவிலிருந்து கணக்கிட்ட கப்பா நம்ப முடியாத அளவு பெரிதாக வருகிறது

வெப்ப அசைவின் அலைவரிசையிலிருந்து கப்பா எடுப்பவர்கள் நான்கைச் சோதிக்க வேண்டும்.

எக்ஸ்போஷர் நேரம் முதலில். ஓர் அலை தளர எடுக்கும் நேரம் 4 × பாகுநிலை ÷ (கப்பா × அலை எண்ணின் கனம்). 6 மைக்ரோமீட்டர் அலைக்கு இது சுமார் 40 மில்லிவினாடி. 2 மைக்ரோமீட்டர் அலைக்கு ஒன்றரை மில்லிவினாடி. கேமரா 10 மில்லிவினாடி திறந்திருந்தால் சிற்றலைகள் மங்கிச் சராசரியாகிவிடும். வீச்சு குறைவாகத் தெரியும். குறைந்த வீச்சைச் சூத்திரம் விறைப்பு என்று படிக்கும். எக்ஸ்போஷரைப் பாதியாக்குங்கள். கப்பா இறங்கினால் முன்பு எடுத்த மதிப்பு செல்லாது.

அடுத்தது, நீங்கள் பார்ப்பது நடுக்கோட்டு வெட்டு மட்டும். முழுப் பரப்பு அல்ல. பரப்புக்கான சூத்திரத்தை வெளிக்கோட்டுக்கு அப்படியே போடக் கூடாது. குறுக்குத் திசை அலை எண்களின் மேல் தொகையிட்ட வடிவம் வேண்டும். இழுவிசையையும் பாருங்கள். இழுவிசை ÷ கப்பாவின் வர்க்கமூலத்துக்கு மேலுள்ள அலை எண்களில்தான் கப்பா பேசுகிறது. மீட்டருக்கு 10⁻⁶ நியூட்டன் இழுவிசை இருந்தால், 2 மைக்ரோமீட்டரைவிட நீண்ட அலை எதுவும் கப்பாவைப் பற்றி உங்களுக்குச் சொல்லாது. அப்படிப்பட்டதை ஒதுக்கிவிட்டுத் தளர்ந்த வெசிக்கிளைத் தேடுங்கள்.

கடைசியாக, பல வெசிக்கிள்களின் கப்பாக்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். ஒரு கும்பல் ஓர் எண்ணைச் சுற்றியும், இன்னொரு கும்பல் அதன் இரண்டு மடங்கைச் சுற்றியும் நின்றால், இரண்டாவது கும்பலில் ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டைச் சவ்வு இருக்கிறது. அவற்றின் ஒளிர்வும் இரண்டு மடங்கா என்று பார்த்துவிட்டுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.